டிலேனியாவின் போனை நான் வைத்திருந்தேன்

பானி ஊரில் டிலேனியாவின் பார்லரில் ஒன்பது வருடம் தலை கழுவும் வேலை செய்தேன். தலை கழுவும்போது எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். அதனால் அவர்களை நான் நிதானமாகப் பார்ப்பேன். நெற்றியில் எந்தக் கோடு புதிதாக விழுந்திருக்கிறது, காதிலிருந்த தங்கத் தோடு எந்த வாரம் காணாமல் போனது, யார் வரும் வழியில் அழுதுவிட்டு முகம் துடைத்துக்கொண்டு வந்திருக்கிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை. இப்போது டிலேனியாவைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறார்கள். பேசுகிறவர்களில் பாதிப்பேர் அவள் கையால் அழகானவர்கள். நான் பார்த்ததை நான் எழுதி வைக்கிறேன்.

அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. குள்ளமான உருவம். வலது முன்கை நெடுகச் சூட்டுத் தழும்புகள். முடி உலர்த்தும் சூடான காற்றுக் குழாயை வருடக்கணக்காகப் பிடித்ததில் வந்தவை. வீட்டின் முன்னால் கார் நிறுத்தும் கூரைதான் பார்லர். புருஷன் காரையும் எடுத்துக்கொண்டு அவளை விட்டுப் போனபோது அந்த இடம் காலியானது. "கார் போன இடத்துல கடை வந்துச்சு, எனக்கு லாபம்தான்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். தலைக்கு மேல் கவிழ்க்கிற மூன்று ட்ரையர், இரண்டு கண்ணாடி, ஒரு தொட்டி, பிளாஸ்டிக் நாற்காலிகள். சுருள் முடியை இழுத்து நேராக்குவதில் அவளுக்கு ஈடு பானியில் கிடையாது. ஈரக்காற்று அடிக்கும் நாளிலும் சனிக்கிழமை அவள் இழுத்த முடி செவ்வாய்க்கிழமை வரை சுருளாது. சனிக்கிழமைகளில் முடியில் ரோலர் சுற்றிய பெண்கள் நடைபாதை வரை உட்கார்ந்திருப்பார்கள்.

பிறகு பூங்கா மூலையில் ஸ்கார்லின் என்கிற பெண் கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் வைத்துப் பெரிய பார்லர் திறந்தாள். வயது இருபத்தாறு. கை சுமார்தான். ஆனால் போனில் அவளைப் பல ஆயிரம் பேர் பின்தொடர்ந்தார்கள். சிறுசுகள் முதலில் போனார்கள். பிறகு அவர்களுடைய அம்மாக்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானத்துக்குள் எங்களுக்கு வேலை தீர்ந்துவிட்டது. டிலேனியா காலி நாற்காலியில் உட்கார்ந்து தன் முடியையே வாரிக்கொண்டிருந்தாள். நான் ஏற்கெனவே காய்ந்த துண்டுகளை மறுபடியும் மடித்தேன்.

பாஸ்டனில் இருக்கும் அவள் மகள் லிசெல்தான் போனில் பக்கம் தொடங்கிக் கொடுத்தாள். "அம்மா, நீ எவ்வளவு நல்லா இழுத்தாலும், போன்ல இல்லேன்னா நீ இல்லவே இல்ல" என்றாள். டிலேனியா முதலில் வெட்கப்பட்டாள். பின்னந்தலையை மட்டும் படம் எடுத்தாள். பிறகு முகம். பிறகு முடியை இழுப்பதற்கு 'முன்னாடி', இழுத்ததற்குப் 'பின்னாடி' என்று இரண்டு படம் ஒட்டி வீடியோ. நான் இதைச் சொல்லியே ஆகவேண்டும்: அது வேலை செய்தது. பழக்கமில்லாத பெண்கள் போனைக் கையில் நீட்டிக்கொண்டு வந்தார்கள். "இந்த மாதிரி வேணும்" என்றார்கள். மறுபடியும் நடைபாதை வரை நாற்காலி போட்டோம்.

அதனால்தான் கஷ்டமாகிவிட்டது. போன் ஒன்றுக்கும் உதவாததாக இருந்திருந்தால் தூக்கிப் போட்டிருப்பாள். அதில் பாதி வேலை, பாதி வேலை இல்லை. எது எந்தப் பாதி என்று அவளுக்கும் தெரியாது, பார்க்கிற எனக்கும் தெரியாது. யாரோ ஒருத்திக்கு விலை சொல்ல எடுப்பாள். விரல் கீழே நழுவும். ஸ்கார்லின் இன்று என்ன போட்டிருக்கிறாள் என்று பார்ப்பாள். அதன் கீழே யார் யார் இதயம் போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பாள். அதில் நம்முடைய வாடிக்கையாளர் ஒருத்தியின் பெயர் இருக்கும். அவள் பக்கத்துக்குப் போவாள். அங்கிருந்து அவள் மாமியார் வீட்டுக் கல்யாணப் படங்கள். காற்றுக் குழாய் மேசையில் கிடக்கும். நாற்காலியில் இருக்கிற பெண்ணுக்குத் தலையின் பாதி நேராகவும் பாதி சுருளாகவும் இருக்கும்.

வேறு இடத்தில் வேலை பார்ப்பவளாக இருந்தால் முதலாளி கத்தியிருப்பாள். இங்கே முதலாளியே அவள்தான்.

எங்கள் தெருவிலேயே இருக்கும் மிரேயா வாரம் தவறாமல் வருவாள். அவள்தான் முகத்துக்கு நேரே சொல்வாள்.

"டிலேனியா, அந்தப் போனுக்கு ஒரு ரோலர் சுத்தி ட்ரையருக்குள்ள உக்கார வை. எப்பப் பாரு ஈரமா உன் கையிலயே ஒட்டிக்கிட்டு இருக்கு."

"சிரி, சிரி. உன்னை மாதிரி நாலு பேர நம்பிக் கரண்ட் பில் கட்ட முடியுமா?"

"போன சனிக்கிழமை எட்டு மணிக்கு வந்து உக்காந்தேன். ஒரு மணிக்கு எந்திரிச்சேன். வீட்ல பீன்ஸ் அடிப்பிடிச்சுக் கரியாப் போச்சு. என் புருஷன் சட்டியக் காட்டி, இது முன்னாடியா பின்னாடியான்னு கேக்கறாரு."

எல்லோரும் சிரித்தார்கள். டிலேனியாவும் சிரித்தாள். ஆனால் அன்று கடை மூடும் நேரத்தில் கண்ணாடி முன்னால் நின்று, என்னைப் பார்க்காமல், "பெல்கிஸ், இப்படியே போனா மிரேயாவே ஒருநாள் ஸ்கார்லின்கிட்டப் போயிடுவா. கடை நிக்காது" என்றாள். அது அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் செய்தாள் என்று சொல்கிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

மறுநாள் ஒரு அட்டையில் எழுதி ஒட்டினாள். காலை எட்டு வரை போன். பிறகு பன்னிரண்டு வரை தொடக்கூடாது. சாப்பாட்டு வேளையில் ஒரு மணி நேரம். பிறகு ஆறுக்கு மேல். அட்டையைச் சுற்றி நகப்பூச்சால் பூக்கள் வரைந்தாள். அந்த அட்டையையும் படம் எடுத்துப் போட்டாள். அதற்கு எத்தனை பேர் இதயம் போட்டார்கள் என்று பத்து மணிக்குப் பார்த்தாள்.

மூன்று நாளில் அட்டை பயனற்றுப் போனது. அப்போதுதான் என்னைக் கூப்பிட்டாள்.

"பெல்கிஸ், இங்க வா. இது உன்னாலதான் ஆகும். எட்டுலேருந்து பன்னண்டு வரைக்கும் இத நீ வெச்சிரு. நான் கேட்டாலும் தராத."

"நானா?"

"நீதான். நீ வாயத் தொறக்க மாட்ட. வர்றத உக்காந்து படிக்கவும் மாட்ட."

நான் நான்காம் வகுப்போடு நின்றவள். மெதுவாகத்தான் படிப்பேன், அதுவும் போனில் ஜனங்கள் பாதி எழுத்தை விழுங்கி எழுதுவது எனக்குப் பிடிபடாது. அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. போனை வாங்கித் துண்டுக் கூடையின் அடியில் வைத்தேன். துண்டுகளுக்கு அடியிலிருந்து அது அதிர்ந்து முனகிக்கொண்டே இருந்தது. கோழிக்குஞ்சை மூடி வைத்த மாதிரி இருந்தது எனக்கு. டிலேனியாவின் கை முடியை இழுக்கும். கண் கூடைக்குப் போய்விட்டுத் திரும்பும்.

"யாரு அது? யாருன்னு மட்டும் சொல்லு."

"மூணு பேரு."

"மூணு பேரா? என்ன கேக்கறாங்க?"

"விலை."

"எதுக்கு விலை?"

"தெரியல. விலைன்னு மட்டும் போட்டு ஒரு கேள்விக்குறி போட்டிருக்கு."

"மூணு பேருமா?"

"மூணு பேரும்."

ட்ரையருக்குள் இருந்த மிரேயா, "நாலாவதா நானும் கேக்கறேன், என் தலைக்கு என்ன விலை?" என்றாள்.

அந்த வாரம் நன்றாக இருந்தது. மத்தியானத்துக்குள் பதினோரு தலை முடித்தோம். டிலேனியா பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வேலை செய்தாள். வெகுநாட்களுக்குப் பிறகு சாப்பாட்டைத் தட்டில் போட்டு, உட்கார்ந்து, தட்டைப் பார்த்துச் சாப்பிட்டாள். இனி சரியாகிவிடும் என்று நானும் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு ஒரு செய்தி வந்தது. நான் பார்த்தேன், நீளமாக இருந்தது, படிக்கவில்லை. பன்னிரண்டுக்குப் போனைக் கொடுத்தேன். பாஸ்டனிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வந்திருந்தார்கள். மணப்பெண்ணோடு சேர்த்து ஆறு பேர். இன்று பதினோரு மணிக்கு வரலாமா என்று கேட்டிருந்தார்கள். பத்தரைக்கு இன்னொரு முறை கேட்டிருந்தார்கள். பன்னிரண்டே காலுக்கு ஸ்கார்லினின் பக்கத்தில் ஆறு பேரும் வரிசையாக நின்று முடியை முன்னால் போட்டுக்கொண்டு சிரித்தார்கள்.

டிலேனியா என்னைத் திட்டவில்லை. "நான்தான சொன்னேன் தராதன்னு" என்றாள். ஆனால் திங்கட்கிழமையிலிருந்து கூடை என் பக்கத்திலிருந்து அவள் பக்கத்துக்கு நகர்ந்தது. புதன்கிழமை துண்டுகளுக்கு மேலே போன் இருந்தது.

இதற்கு நடுவில் சுவர்க் கடிகாரம் போய்விட்டது. இரும்புக் கடைக்காரர் தண்ணீர்க் குழாய் விளம்பரத்தோடு கொடுத்த பழைய கடிகாரம். லிசெல் வீடியோவில் பார்த்துவிட்டு, "அம்மா, நீ எந்த வீடியோ போட்டாலும் பின்னாடி அந்தக் குழாய் விளம்பரம் தெரியுது. அசிங்கமா இருக்கு" என்றாள். அதைக் கழற்றிச் சமையலறையில் மாட்டினோம். அந்த இடத்தில் பச்சைப் பிளாஸ்டிக் புல் ஒட்டிய பலகையும், அதன் மேல் டிலேனியா என்று இளஞ்சிவப்பாக எரியும் எழுத்தும் வந்தது. முன்னால் ஒரு வட்ட விளக்கு, அதன் நடுவில் போன் மாட்டும் பிடி.

முடியை நேராக்கும் க்ரீமுக்கு நேரம்தான் உயிர். வேரில் புதிதாக முளைத்த முடியில் மட்டும் தடவ வேண்டும். தலைத்தோல் தாங்குகிற நிமிடம் ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்குப் பதினைந்து, சிலருக்குப் பத்து. அதைத் தாண்டினால் அது முடியை நேராக்காது, தின்றுவிடும். முன்பு டிலேனியா தடவி முடித்ததும் கடிகாரத்தைப் பார்த்து, "பெரிய முள் இருபதுக்கு வந்ததும் கழுவு" என்று எனக்குச் சொல்லுவாள். முள் அங்கே வந்ததும் நானே கூட்டிப் போவேன். கடிகாரம் போனதும் போனில் மணி வைக்க ஆரம்பித்தாள். அதற்காகப் போன் பக்கத்திலேயே இருக்க வேண்டியதாயிற்று. "நேரம் பாக்கத்தான்" என்பாள். அதன் பிறகு கூடையைப் பற்றி யாரும் பேசவில்லை.

எங்கள் நாட்டில் மே மாதக் கடைசி ஞாயிறு அன்னையர் தினம். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, காலை பத்து மணிக்கு நோரிஸ் வந்தார். ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் நர்ஸ். ஐம்பதைத் தாண்டியவர். இந்தக் கூரையின் கீழ் முதல் நாற்காலி போட்ட நாளிலிருந்து வருகிறவர். எட்டு வாரத்துக்கு ஒரு முறை வேருக்கு க்ரீம். அதிகம் பேச மாட்டார். அவர் வந்து உட்கார்ந்தால் மற்றவர்கள் குரலைக் குறைத்துக்கொள்வார்கள், ஏனென்றால் அங்கே இருக்கிற பாதிப்பேர் வலியில் அலறியதை அவர் கேட்டிருக்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய இரண்டு பிள்ளைகளும் ஆறு வருடம் கழித்து வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள் என்று தடவும்போது சொன்னார். அதை நினைத்துச் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

டிலேனியா கடைசிப் பகுதியைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"நோரிஸ், என் ராணி, ஒரு அஞ்சு நிமிஷம் லைவ் போட்டுக்கட்டுமா? அன்னையர் தினத்துக்கு இதுக்கு மேல பொருத்தமா யாரு இருக்கா?"

"இந்த வெள்ளக் களிம்போடவா?"

"இது முன்னாடி. பின்னாடியப் பாத்து ஊரே வாயப் பொளக்கும்."

"என்னமோ செய். எனக்குப் பத்து நிமிஷம்தான், தெரியும்ல. சீக்கிரம் எரிய ஆரம்பிச்சுடும்."

"உங்க தலைய எனக்குத் தெரியாதா?"

போனில் மணி வைத்தாள். நான் பார்த்தேன், வைத்தாள். பிறகு அதே போனைப் பிடியில் மாட்டி லைவ் போட்டாள்.

நான் தொட்டியில் மிரேயாவின் தலையை எடுத்தேன். இரண்டு முறை ஷாம்பு, ஒரு முறை கண்டிஷனர், சீப்பால் சிக்கு எடுத்து அலசி, துண்டு சுற்றுவது. எனக்குக் கடிகாரம் வேண்டியதில்லை, கைக்குத் தெரியும். அது பதினைந்து நிமிட வேலை.

வழக்கமாக அவள் லைவில் இருபது, முப்பது பேர் இருப்பார்கள். அன்று நூறைத் தாண்டியது. இருநூறு. டிலேனியாவின் குரல் மாறியது. யாரோ பெரிய ஆள் பகிர்ந்திருக்க வேண்டும். எல்லோருடைய பேரையும் படித்துப் படித்து வரவேற்றாள். பிறகு ஒரு பேரைப் படிக்காமல் நிறுத்தி, எங்கள் பக்கம் திரும்பி, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள்: ஸ்கார்லின். ஸ்கார்லின் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி அடித்தது எனக்குக் கேட்டது. இரண்டு முறை டிங் என்றது. பாட்டுக்கு நடுவில், கமெண்டுகளின் சத்தத்துக்கு நடுவில். டிலேனியா விரலால் அதை ஓரமாகத் தள்ளினாள்.

"பாருங்க, லைவ்ல இருக்கும்போதுதான் எல்லாரும் போன் பண்ணுவாங்க" என்று சொல்லிச் சிரித்தாள்.

அப்போது மிரேயாவுக்கு இரண்டாவது ஷாம்பு முடிந்திருந்தது.

"டிலேனியா, எரியுது" என்றார் நோரிஸ்.

"இதோ, ராணி, இதோ." போனைப் பார்த்து, "புது வேர் எவ்வளவு முரடா இருக்குன்னு பாருங்க, இதத்தான் நான் பட்டு மாதிரி ஆக்கப் போறேன்" என்றாள்.

நான் கண்டிஷனரை அலசினேன். துண்டு சுற்றினேன். மிரேயா எழுந்துபோய் பையில் சீப்பைத் தேடினாள். நோரிஸின் முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. உதட்டைக் குவித்து மூச்சை ஊதி ஊதி விட்டார். பிரசவ வார்டில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற மூச்சு அது. நானூறு பேர் பார்க்கிற இடத்தில் கத்தக்கூடிய பெண் இல்லை அவர்.

"டிலேனியா" என்று இன்னொரு முறை மெதுவாகச் சொன்னார்.

விளக்கு வட்டத்துக்குள் நான் போகக்கூடாது என்பது ஏற்பாடு. ஒரு முறை வாளியோடு குறுக்கே போய் அவள் வீடியோவைக் கெடுத்திருக்கிறேன். எனக்கும் படத்தில் விழுவது பிடிக்காது. குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர்ச் சத்தம் கேட்டால் திரும்புவாள் என்று நினைத்தேன். துண்டைக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். தொட்டிக்கும் நாற்காலிக்கும் நடுவில் எட்டடி இருக்கும். நேரமாகிவிட்டது என்று இரண்டு வார்த்தை. நான் சொல்லவில்லை.

கடைசியில் மிரேயாதான் திரும்பிப் பார்த்தாள். "ஏய், அவங்க தலையப் பாருங்கடீ" என்றாள்.

நோரிஸைத் தொட்டியில் சாய்த்தேன். கண்ணை மூடவில்லை அவர். என்னையே பார்த்தார். குளிர்ந்த நீரை விட்டேன். க்ரீமோடு சேர்ந்து முடியும் வந்தது. முதலில் ஒரு கொத்து, பிறகு உள்ளங்கை நிறைய. நெற்றிக்கு மேலும் வலது காதுக்குப் பின்னாலும் தோல் சிவந்து ஈரமாக இருந்தது. டிலேனியா என் தோளுக்குப் பின்னால் நின்று, "கடவுளே, கடவுளே" என்று மூச்சுக்குள் சொன்னாள். யாரும் பிடியிலிருந்து போனை எடுக்கவில்லை. அது தொட்டிப் பக்கமாகத்தான் திரும்பியிருந்தது.

நோரிஸ் புகார் கொடுக்கவில்லை. துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, நேராக ஆஸ்பத்திரிக்கு நடந்து போனார். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு தலையில் துணி கட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார் என்று மிரேயா சொன்னாள்.

அந்த லைவை யாரோ பிடித்து வைத்திருந்தார்கள். அதில் நோரிஸ் எரியுது என்று சொல்வதையும், டிலேனியா சிரிப்பதையும், தொட்டியில் என் கையையும் மட்டும் வெட்டி, மேலே ஒரு சிரிப்புச் சத்தம் சேர்த்து விட்டார்கள். இரண்டு வருடமாக அவள் போட்ட எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தவர்களைவிட அதை ஒரு நாளில் பார்த்தவர்கள் அதிகம். எங்கெங்கோ இருந்து பெண்கள் வந்து திட்டினார்கள். கசாப்புக்காரி என்றார்கள். சிலர் ஆலோசனை சொன்னார்கள். சிலர் விலை என்ன என்று கேட்டு வெறும் சிரிப்பு முகம் போட்டார்கள்.

டிலேனியா எல்லோருக்கும் பதில் எழுதினாள். ஒருவரை விடாமல். காலை ஏழுக்கு ஆரம்பிப்பாள். கார்ட்டஹேனாவிலிருந்து ஒருத்தி, மாட்ரிட்டிலிருந்து ஒருத்தி. 'அன்புள்ள சகோதரி, நடந்தது இதுதான்' என்று ஒவ்வொருத்திக்கும் முதலிலிருந்து. லிசெல் தினமும் கூப்பிட்டாள். ஒலிபெருக்கியில் வைத்திருந்ததால் எனக்குக் கேட்கும்.

"அம்மா, பக்கத்த மூடு. நீ பதில் போடப் போட அது இன்னும் மேல மேல வருது."

"மூடினா நான் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"நீ செஞ்சதுதானம்மா."

"செஞ்சேன். ஆனா இவங்க சொல்ற மாதிரி செய்யல."

"யாரும்மா இவங்க? உனக்கு இவங்கள்ல ஒருத்தர் முகம் தெரியுமா?"

டிலேனியா அடுத்த பதிலை எழுதிக்கொண்டிருந்தாள்.

வாடிக்கையாளர்கள் முழுக்க நிற்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும். ரோலருக்கும் காற்றுக்கும் பழைய ஆட்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். க்ரீம் மட்டும் வேண்டாம் என்றார்கள். அவர்களை உட்காரவைத்துவிட்டு அவள் எழுதினாள். மிரேயா ஒரு நாள் ஒன்றேகால் மணி நேரம் ஈரத்தலையோடு இருந்தாள். எப்போதும்போல ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். எழுந்து, துண்டை மடித்துக் கூடையில் போட்டுவிட்டுப் போனாள். மறுவாரம் வரவில்லை.

ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை, வெயில் உச்சியில் இருந்தபோது, நோரிஸ் வந்தார்.

எதிர்த்த வரிசையில் தாவித்தோவின் ஆண்கள் முடி வெட்டும் கடை. அதன் வாசலில் எப்போதும் நான்கு பேர் டோமினோ ஆடுவார்கள். நோரிஸ் அவர்களைத் தாண்டித் தெருவைக் கடந்து எங்கள் கூரைக்குள் நுழைந்ததும் காய்ச் சத்தம் நின்றது. பெட்டிக்கடையில் இருந்த பெண்கள் வெளியே வந்து பார்த்தார்கள். எல்லோரும் பார்க்கட்டும் என்றுதான் அந்த நேரத்தில் வந்திருந்தார். எனக்கு அது புரிந்தது. அவர் இங்கே உட்கார்ந்து எழுந்து போனால் போதும், மிரேயா வருவாள், மற்றவர்களும் வருவார்கள். யாரும் ஒரு வார்த்தை பேசத் தேவையில்லை.

தலைத்துணியை அவிழ்த்தார். புண் ஆறியிருந்தது. அங்கங்கே திட்டுத்திட்டாக முடி இருந்தது, நடுவில் வெறும் தோல்.

"டிலேனியா, இத ஒரேயடியா ஒட்ட வெட்டிடு. சமமா வளரட்டும்."

டிலேனியா எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதாள். நோரிஸ் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். "சரி, சரி. கத்தரிய எடு" என்றார். கண்ணாடி முன் உட்கார்ந்தார். நான் கழுத்தில் துணி சுற்றினேன். முடிச்சுப் போட எனக்கு இரண்டு முறை ஆயிற்று. அவர் அதைக் கவனித்து, என் விரலை ஒரு நொடி பிடித்துவிட்டு விட்டார்.

டிலேனியா கத்தரியை எடுத்தாள். சீப்பை எடுத்தாள். பிறகு இரண்டையும் மேசையில் வைத்தாள்.

"நோரிஸ், ஒண்ணே ஒண்ணு. வெட்றதுக்கு முன்னாடி. ரெண்டு வார்த்தை சொல்லுங்க. உங்க வாயாலயே. இவ தெரியாமச் செஞ்சுட்டா, எனக்கும் அவளுக்கும் ஒண்ணும் இல்லன்னு. அவ்வளவுதான். எல்லாம் அடங்கிடும்."

"யார்கிட்ட சொல்லணும்?"

டிலேனியா போனைக் காட்டினாள்.

நோரிஸ் கண்ணாடியில் அவளையே பார்த்தார். "நான் முடி வெட்ட வந்தேன்" என்றார்.

"வெட்டறேன், வெட்டறேன். வெட்டிட்டா அப்புறம் நீங்கதான்னே யாரும் நம்ப மாட்டாங்க, ராணி. இப்படி இருக்கும்போதே சொன்னாத்தான். ஒரு நிமிஷம்கூட ஆகாது."

"நான் இங்க வந்ததப் பாத்துட்டாங்களே. அது போதாதா?"

"யாரு பாத்தாங்க? இந்தத் தெருதான பாத்துச்சு?"

அந்த நேரம் போனில் ஏதோ வந்தது. டிலேனியா அதைக் குனிந்து பார்த்தாள். "பாருங்க, இப்பகூட ஒருத்தி. நீங்க செத்துட்டீங்களான்னு கேக்கறா. இதுக்கு நான் என்ன பதில் போடறது, சொல்லுங்க" என்றாள். எழுத ஆரம்பித்தாள்.

நோரிஸ் காத்திருந்தார். அவசரப்படவில்லை. அந்தப் பதில் நீளமாக இருந்தது. இந்த முறை நான் பேசினேன். "டிலேனியா, அவங்க உக்காந்திருக்காங்க" என்றேன்.

"இதோ, ஒரே நிமிஷம்."

நோரிஸ் கழுத்துத் துணியைத் தானே அவிழ்த்து என்னிடம் கொடுத்தார். தலைத்துணியைக் கட்டிக்கொள்ளவில்லை; கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். திட்டுத்திட்டான தலையோடு வெயிலில் இறங்கித் தெருவைக் கடந்தார். டோமினோ ஆடியவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். தாவித்தோ நாற்காலியைத் துடைத்தார். ஒரு பெண் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மிஷின் ஓடும் சத்தம் எங்கள் கூரை வரைக்கும் கேட்டது. ஒட்ட வெட்டி முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தலை முழுக்க நரையாக, சின்னதாக, அழகாகத்தான் இருந்தது. அவர் ஆஸ்பத்திரிப் பக்கமாக நடந்து போனார், திரும்பிப் பார்க்கவில்லை.

டிலேனியா வாசலுக்கு வந்து நின்றாள். "ரெண்டு வார்த்தைதான கேட்டேன்" என்றாள். என்னிடம் சொன்னாளா, தெருவிடம் சொன்னாளா தெரியவில்லை. உள்ளே போய் நோரிஸ் வந்து சமாதானமாகிவிட்டார் என்று போட்டாள். கால் மணி நேரத்தில் நோரிஸின் தங்கை அதன் கீழே அது பொய் என்று எழுதினாள், தாவித்தோ கடையில் எடுத்த படத்தோடு. பானியில் அதைப் பார்க்காதவர் இல்லை.

அதன் பிறகு இரண்டு வாரம் நான் தினமும் போனேன். துண்டு மடித்தேன். தொட்டியைத் தேய்த்தேன். யாரும் வரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, அவள் எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் நின்றேன். திங்கட்கிழமையிலிருந்து வர மாட்டேன், சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். சொல்ல வேண்டியதை இரவெல்லாம் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். ஒன்பது வருடத்துக்கு நன்றி என்றும் சொன்னேன்.

"சரிடா தங்கம்" என்றாள், திரையைப் பார்த்தபடி.

திங்கட்கிழமை எட்டரை மணிக்கு, சாப்பாட்டுக் கடையில் என் கை சோப்பில் இருந்தபோது, அவள் கூப்பிட்டாள்.

"பெல்கிஸ், எங்க இருக்க? மணி என்ன ஆச்சு பாரு. இன்னும் காணோம்."

வெள்ளிக்கிழமை சொன்னேனே என்று வாய் வரை வந்தது. அந்தப் பக்கம் அவள் விரல் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சமையல்காரி என்னைப் பார்த்துத் தட்டுகளைக் காட்டினாள்.

"இன்னைக்கு முடியல" என்றேன்.

"சரி, நாளைக்குச் சீக்கிரம் வா" என்றாள்.